கை நனைக்காத விருந்தாளி

சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ரஹ்மத் தன் புருஷனின் கையைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை ரஷ்யாவில் இருந்தது. கஸான் என்ற ஊரில், வெள்ளைக் கோட்டைச் சுவருக்கு உள்ளே, நீல மினாராக்கள் வைத்த பெரிய பள்ளிவாசல் முன்னால் மீரான் மைதீன் நின்றிருந்தார். கோட்டை அழகு, பள்ளிவாசல் அதைவிட அழகு. அதெல்லாம் யாருக்கு வேண்டும்? ரஹ்மத் இரண்டு விரலால் திரையை இழுத்து இழுத்து அந்தக் கையில் ஒரு டீக் கப்பாவது, ஒரு துண்டு பிஸ்கட்டாவது இருக்கிறதா என்று தேடினாள். தொப்பிதான் இருந்தது.

அமெரிக்காவில், ரஹ்மத் இருக்கும் பிளானோவில் இன்னும் விடியவில்லை. அங்கே மதியம் ஒன்றரை. ஊரே சாப்பிடுகிற நேரத்தில் இந்த மனுஷன் வெறுங்கையோடு நிற்கிறார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் தூக்கம் வரவில்லை.

விஷயம் இதுதான். மகள் ரிதா கட்டிக்கொள்ள ஆசைப்படுவது ஐதார் என்ற தாத்தார் இனத்துப் பையனை. இருவருக்கும் லெகஸி ஏரியாவில் ஒரே ஆபீஸ். முஸ்லிம் பையன், நல்ல வேலை, ஆன்ட்டி என்று கூப்பிட்டுக்கொண்டு வந்து டிஷ்வாஷரில் தட்டு அடுக்கிக் கொடுக்கிற குணம். மீரான் மைதீன் மட்டும் பிடிகொடுக்கவில்லை. "மார்க்கம் ஒண்ணு, சரி. மத்ததெல்லாம்? அந்த ஊர்ல போய் விசாரிக்க நமக்கு ஒரு ஆள் உண்டா? குடும்பம் எப்படி, வாப்பா எப்படி, யாருக்குத் தெரியும்?" என்பார். விசாரிக்காமல் பெண் கொடுப்பதும் கண்ணைக் கட்டிக்கொண்டு கார் ஓட்டுவதும் அவருக்கு ஒன்று.

ஆறு மாதம் ரஹ்மத் கரைத்தாள். கடைசியில் மேலப்பாளையத்தில் அண்ணன் மகன் நிக்காஹுக்குப் போனவர், திரும்பும் வழியில் ஒரு பகல் கஸானில் இறங்கிப் பார்க்கச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "சரின்னு பட்டா அந்த வீட்டுல கை நனைப்பேன். படலைன்னா பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். நான் கை நனைக்காம வந்தேன்னா உம்மாளும் மகளும் இந்தப் பேச்சை அதுக்கப்புறம் எடுக்கக்கூடாது."

சம்பந்தம் பேசப் போன வீட்டில் முடிவாகும் முன்னே சாப்பிடக் கூடாது, சாப்பிட்டுவிட்டால் பின்வாங்கக் கூடாது. அந்தக் கணக்கை இங்கே பிறந்த ரிதாவுக்குக்கூட விளக்கியாயிற்று. "ஸோ, லிட்டரலி, அவர் சாப்பிடணும்?" என்று கேட்டாள். "ஆமா, லிட்டரலி" என்றாள் ரஹ்மத். மீரான் மைதீன் சொன்ன சொல் மாறாதவர். இருபத்தொன்பது வருஷமாக அதுதான் அவளுக்குத் தெம்பு. இன்றைக்கு அதுதான் பயம்.

ராத்திரி வந்திருந்த படங்களை மறுபடி புரட்டினாள். முதல் படம் விமான நிலையம். ஐதாரின் வாப்பா ரினாத், ஆற்றுக் கப்பலில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர், அரைகுறை இங்கிலீஷ் பேசுவார், கிடா மாதிரி உடம்பும் குழந்தை மாதிரிச் சிரிப்பும். பக்கத்தில் உம்மா குல்நாரா, தலையில் பூப்போட்ட ஸ்கார்ஃப், கையில் தட்டு. தட்டில் சக்-சக். மாவைச் சின்னச் சின்னதாகப் பொரித்து, பூந்தி பிடிக்கிற மாதிரித் தேனில் பிடித்து வைக்கிற பண்டம். விருந்தாளி வந்தால் முதலில் அதைத்தான் நீட்டுவார்களாம். மீரான் மைதீன் நெஞ்சில் கைவைத்து, குனிந்து, வேண்டாம் என்று சிரித்துக்கொண்டிருந்தார். ஒரு துண்டு எடுத்தால் என்ன, ரயில் கவிழ்ந்துவிடுமா?

அங்கே போன் பேச லைன் கிடைக்கவில்லை. படமும் வாய்ஸ் மெசேஜும்தான் வந்தன. ஆறு மணிக்கு ஒன்று வந்தது. "சாப்பிடச் சொல்லி உயிரை எடுக்குறாங்க புள்ள. ஹலால்னு ஒரு சாக்கு சொல்லலாம்னு பாத்தா திரும்புன பக்கமெல்லாம் ஹலால்னு போர்டு. வயிறு சரியில்லைன்னுட்டேன். அந்த மனுஷன் ஓடிப்போய் வயித்துக்குன்னு ஏதோ இலை போட்ட டீ வாங்கிட்டு வந்துட்டார். கையில வச்சிருந்து ஆறினதும் ஓரமா வச்சுட்டேன். இப்ப ஒரு சாஞ்ச கோபுரத்தைக் காட்டுறார். யாரோ ஒரு ராணி மேல இருந்து குதிச்சாளாம். நல்லாத்தான் இருக்கு."

"வீடு எப்போ?" என்று ரஹ்மத் எழுதினாள். பதிலுக்கு வந்தவை மரவீடுகள், ஜன்னலுக்கு ஜன்னல் செதுக்கல் வேலைப்பாடு, பச்சையும் நீலமுமாகச் சாயம். பிறகு இன்னொரு பழைய பள்ளிவாசல். பிறகு ஒரு பூனைச் சிலை. பெண் கொடுக்கப் போன மனுஷன் பூனைச் சிலையோடு படம் எடுத்து அனுப்புகிறார். அவர்களும்தான் வீட்டுக்கு அழைத்துப் போகாமல் ஊர் சுற்றிக் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஐதார் சொல்லிவிட்ட வினை அது. அங்கிளுக்கு ஹிஸ்டரி பிடிக்கும் என்று சொல்லியிருந்தானாம். மீரான் மைதீனுக்கு ஹிஸ்டரி பிடிக்கும் என்று ரஹ்மத்துக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

ரிதா மாடியிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "எனி அப்டேட்?"

"பூனை சிலை பாத்திருக்கார்."

"சாப்பிட்டாரா?"

"பூனையா, வாப்பாவா?"

ரிதா சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள். இருபத்தாறு வயதுப் பெண், எழுபது பேருக்கு மீட்டிங் நடத்துகிறவள், வாப்பா ஒரு வாய் சாப்பிட்டாரா என்று காத்துக் கிடந்தாள். ரஹ்மத் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இஞ்சி தட்டினாள், டீ போட்டாள், குடிக்க மறந்தாள். துவைத்த துணியை மடித்தாள், மடித்ததை உதறி மறுபடி மடித்தாள். ஏழரை மணிக்கு இருப்புக் கொள்ளாமல் கார் சாவியை எடுத்தாள்.

"வேர் ஆர் யூ கோயிங்?"

"கொத்தமல்லி வாங்க."

"உம்மா, ஃப்ரிட்ஜ்ல ரெண்டு கட்டு இருக்கு."

"அது பழசு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். டால்வே நெடுஞ்சாலையில் யோசனையில் ஒரு எக்ஸிட் தாண்டிப் போய்விட்டு, சுற்றிக்கொண்டு வந்து, எட்டேகாலுக்கு இந்தியக் கடை வாசலில் வண்டியை நிறுத்தினாள். கடை திறக்க ஒன்பதாகும். பக்கத்து சலூன், டியூஷன் சென்டர், தோசைக் கடை எல்லாம் பூட்டிக் கிடந்தன. அப்போது போன் ஒலித்தது. வாய்ஸ் மெசேஜ்.

பின்னால் காற்று, ஏதோ இன்ஜின் சத்தம். "கப்பல் ஏறிட்டோம் புள்ள. வோல்கா. ஆறுன்னு சொல்றாங்க, அக்கரையைத் தேட வேண்டியிருக்கு. அது இருக்கட்டும். உங்கிட்ட ஒண்ணு கேக்கணும். காலையில இருந்து பாக்குறேன், இந்த மனுஷன் வாயைத் தொறந்தா ரஹ்மத், ரஹ்மத்ங்கிறார். அந்த அம்மாவும் ரெண்டு வார்த்தைக்கு ஒரு ரஹ்மத். நான் உன் பேரையே இவங்ககிட்ட சொல்லலையே. எப்படித் தெரியும்? என்ன சமாச்சாரம்?"

ரஹ்மத் அதை இரண்டாம் தடவை போட்டுக் கேட்கத் துணியவில்லை.

ஏனென்றால் சமாச்சாரம் இருந்தது. மூன்று மாதமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மீரான் மைதீன் ஷட்டில் ஆடப் போன பிறகு ஐதார் வீட்டுக்கு வருவான். லேப்டாப்பில் குல்நாரா வருவாள். இவள் தமிழும் இங்கிலீஷும் கலந்து பேச, அவன் நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொல்வான். முதலில் நலம் விசாரித்தார்கள், பிறகு பிள்ளைகளைப் பற்றி, பிறகு முட்டி வலி, பிறகு மாமியார். ஒவ்வொரு தடவையும் குல்நாரா கையை நெஞ்சில் வைத்து "ரஹ்மத், ரஹ்மத்" என்பாள். அதைக் கேட்கத்தான் இவள் அடுத்த ஞாயிறுக்காக ஏங்கினாள். இந்த நாட்டில் அவள் பெயரைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? வீட்டில் புள்ள. பள்ளிவாசலில் ரிதா உம்மா. வேலை பார்க்கிற பல் கிளினிக்கில், பெயர் நீளம் என்று, ரே. குல்நாரா ஒருத்திதான் முழுப் பெயரையும் அத்தனை ஆசையாகச் சொன்னாள்.

மீரான் மைதீனுக்குத் தெரியக் கூடாது, கல்யாணம் முடிகிறவரை மூச்சு விடக் கூடாது என்று ஐதாரிடம் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். இப்போது அந்த அம்மா ஆசையில் உளறிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, சோற்றை யாரோ கிளறிவிட்டார்கள்.

ஏஸியை முழுதாக வைத்துக்கொண்டு மைக்கை அழுத்தினாள். "மச்சான், கோவிச்சுக்காதீங்க. அவங்க மேல தப்பில்ல, நான்தான். மூணு மாசமா நான் ஐதார் உம்மாகூடப் பேசிட்டு இருக்கேன். நீங்க ஷட்டில் ஆடப் போற நேரத்துல. ஐதார் ட்ரான்ஸ்லேட் பண்ணுவான். ஜூலைல அவன் ஊருக்குப் போனப்ப நான் ஒரு பட்டுச் சேலை குடுத்துவிட்டேன். அவங்க ஒரு டப்பா ஸ்வீட் குடுத்துவிட்டாங்க. பேன்ட்ரில இட்லி அரிசிக்குப் பின்னால வச்சு நான்தான் சாப்பிட்டேன். அவங்க கேட்டாங்க மச்சான், எங்க வீட்டுக்குப் பொண்ணு தருவீங்களான்னு. நான் தர்றேன்னு சொல்லிட்டேன். உங்ககிட்ட சொல்லாம சொல்லிட்டேன். தப்புதான். அதுக்காக ரிதாவுக்கு முடியாதுன்னு சொல்லிடாதீங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். ரஹ்மத்தின் நெஞ்சு அதோடு நிற்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றவனாவது வாயால்தான் சொன்னான், இவள் குதிரின் மூடியைத் திறந்தே காட்டிவிட்டாள். அனுப்பி முடித்ததும் ரிதாவை அழைத்தாள்.

"வாப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு ரிதா. குல்நாரா என் பேரைச் சொல்லிச் சொல்லிக் காட்டிக் குடுத்துட்டாங்க. நான் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன்."

"வாட் டு யூ மீன், உங்க பேரு?"

"ரஹ்மத் ரஹ்மத்னு கூப்பிடுறாங்களாம். வாப்பா கேக்குறார்."

ரிதா மெல்லச் சொன்னாள். "உம்மா. ரஹ்மத்னா அவங்க லாங்வேஜ்ல தேங்க் யூ. அங்க எல்லாரும் எல்லார்கிட்டயும் சொல்வாங்க. பஸ் டிரைவர் கிட்டகூட."

"அப்போ குல்நாரா?"

"ஷீ வாஸ் தேங்க்கிங் யூ. ஐதார் ஃபர்ஸ்ட் டேயே சொல்லலாம்னு நினைச்சானாம். பட் நீங்க அவ்வளவு ஹேப்பியா இருந்தீங்களாம். அதான் விட்டுட்டானாம். நீங்க ஏன் எல்லாத்தையும் சொன்னீங்க? அவர் ஜஸ்ட் கேட்டார், அவ்வளவுதான்."

ரஹ்மத் அவசரமாக மெசேஜை அழிக்கப் போனாள். அதன் ஓரத்துக் குறி நீலமாகியிருந்தது. கேட்டுவிட்டார். காருக்குள் உட்கார்ந்து அழுதாள். மகள் கல்யாணத்தைத் தன் வாயாலேயே கெடுத்தோமே என்று அழுதாள். மூன்று மாதம் ஒருத்தி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள் என்று பூரித்துப் போனதையும் நினைத்து அழுதாள். எது அதிகம் வலித்தது என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. கடை திறந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கினாள்.

வீட்டில் ரிதா கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. ஐதாரோடு போனில் கிசுகிசுத்துவிட்டு, வந்து சோபாவில் சுருண்டுகொண்டாள். ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. கஸானிலிருந்து படமில்லை, குரலில்லை. பூனைச் சிலை ஒன்று வந்தால்கூடப் போதும் என்று ரஹ்மத்துக்குத் தோன்றியது. என்ன செய்வதென்று தெரியாமல் பேன்ட்ரியை ஒழிக்க ஆரம்பித்தாள். பருப்பு, ரவை, மிளகாய்த்தூள் எல்லாம் தரைக்கு வந்தன. இட்லி அரிசி மூட்டையை நகர்த்தியபோது பின்னால் அந்தத் தகர டப்பா. மூடியில் நீல மினாராக்கள். காலையில் படத்தில் பார்த்த அதே பள்ளிவாசல். திறந்தாள். மூன்று துண்டு மிச்சமிருந்தது.

அங்கே இப்போது மாலை ஆறு தாண்டியிருக்கும். வீட்டுக்குக் கூட்டிப்போயிருப்பார்கள். மேஜையில் எல்லாம் வைத்திருப்பார்கள். மீரான் மைதீன் நெஞ்சில் கைவைத்து, குனிந்து, வேண்டாம் என்று சிரித்திருப்பார். ஆறு மாதக் கரைப்பும் அந்தச் சிரிப்போடு முடிந்திருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், என்ன பேர், எனக்குத் தெரியாது என்று ஒரு வரி போட்டிருக்கலாம்.

பத்து ஐம்பதுக்கு ஒரு படம் வந்தது. இருவரும் போனின் மேல் குனிந்தார்கள். நீண்ட மேஜை. முக்கோணமாக மடித்துச் சுட்ட பண்டம், ஆவி பறக்கும் சோறு, ஊறுகாய், சக்-சக் கோபுரமாக. குல்நாரா இருந்தாள், ரினாத் இருந்தார். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் தட்டும் காலி.

"ஹி இஸ் நாட் ஈவன் சிட்டிங்" என்றாள் ரிதா.

அடுத்த நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் வந்தது. ரஹ்மத் டப்பாவை மார்போடு பிடித்துக்கொண்டு தட்டினாள்.

"புள்ள, அவங்க பால்கனில நிக்கிறேன். உள்ள எனக்காகக் காத்துட்டிருக்காங்க. ரஹ்மத்னா இங்க நன்றின்னு அர்த்தம். அது ஏர்போர்ட்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சும்மா உன்னைச் சீண்டலாம்னு கேட்டேன். சிரிப்பேன்னு நினைச்சேன். நீ என்னடான்னா..."

மூச்சு வாங்கும் சத்தம்.

"மூணு மாசம். நான் ஷட்டில் ஆடிட்டு வேர்வையோட வந்து உக்காருவேன். காபி குடுப்பே. ஒரு நாளும் உன் மூஞ்சில ஒண்ணும் தெரியலையே. நான் என்ன, பேச முடியாத ஆளா? அந்தக் கப்பல்ல கம்பியைப் பிடிச்சுட்டு தண்ணியையே பாத்துட்டு நின்னேன். இந்த ரினாத் பாய் என்னன்னு கேட்டார். ஒண்ணுமில்லைன்னேன். மனுஷன் ஊர் கதை சொல்றத நிறுத்திட்டார். பக்கத்துல வந்து நின்னார். கரைக்கு வர்ற வரைக்கும், ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு வார்த்தை பேசல. குளிருதுன்னு தன் கோட்டைக் கழட்டி என் மேல போட்டார், அதுக்கும் பேசல. விசாரிக்க அந்த ஊர்ல ஆள் இல்லைன்னேன்ல? விசாரிச்சாச்சு புள்ள. நல்ல மனுஷன்."

ரிதா ரஹ்மத்தின் முழங்கையை இறுகப் பிடித்திருந்தாள்.

"உன் மேல கோவம் இருக்கு. அதை வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம். ஆனா கை நீ நனைச்சுட்டே. புருஷன் பொண்டாட்டில ஒருத்தர் நனைச்சா நனைச்சதுதான். வாக்கும் குடுத்துட்டே. அப்புறம் என் கை மட்டும் காஞ்சு கிடந்தா நாலு பேர் சிரிப்பாங்க. உள்ள போறேன். காலையில இருந்து பட்டினி, கண்ணு இருட்டுது." ஒரு கதவு திறக்கும் சத்தம். பிறகு குரல் தாழ்ந்து, "அந்த டப்பால எனக்கு ஏதாவது மிச்சம் வச்சிருக்கியா?"

ரிதா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். ரஹ்மத் டப்பாவைப் பேன்ட்ரியில் திரும்ப வைக்கவில்லை. டைனிங் டேபிளில் அவர் உட்காரும் இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு மைக்கை அழுத்தினாள். இருபத்தொன்பது வருஷத்தில் அவர்களுக்குள் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. நன்றி என்பது மேடையில் பேசுகிறவர்கள் சொல்வது, வீட்டில் புருஷனிடம் போய் யார் சொல்வார்கள்?

"ரஹ்மத்" என்று சொன்னாள். அவ்வளவுதான் சொன்னாள். சொல்லும்போது தன் பெயரைத் தானே சொல்கிறோம் என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

பதில் வரப் பத்து நிமிஷம் ஆயிற்று. இடது கையால் எடுத்த படம், ஆடிப்போயிருந்தது. நடுவில் மீரான் மைதீனின் வலது கை. ஐந்து விரலிலும் நெய்யும் சோறும். பெரிதாக்கிப் பார்க்கத் தேவையே இல்லை. அப்படியும் ரஹ்மத் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.